பேர் உள்ள இனிப்பும் பேர் இல்லாத பிஸ்கட்டும்

மாலை நாலரை மணி. மூன்றாவது மாடியில் பிரின்டர் பக்கத்து மேசைக்கு ஒரு வெள்ளை அட்டைப்பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. மூடியின் ஓரத்தில் நெய் ஊறி, எண்ணெய்க் காகிதம் மாதிரி உள்ளே இருப்பதை மங்கலாகக் காட்டுகிறது. மைசூர் பாக். யாருக்கோ பேரன் பிறந்திருக்கிறான். கொண்டு வந்தவர் பெட்டியை வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. நாற்காலி நாற்காலியாக வந்து நீட்டுவார். "தகொள்ளி மேடம், ஒந்தே ஒந்து." நீங்களோ அன்று காலையில்தான் எடை மெஷினில் ஏறி இறங்கி, இனிமேல் இனிப்பே கிடையாது என்று சபதம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

முதல் வருஷம் நான் செய்ததை மட்டும் செய்துவிடாதீர்கள். "வேண்டாம் சார், டயட்ல இருக்கேன்" என்றேன். நீட்டிய கை அப்படியே நின்றது. "சுகரா மேடம்?" என்றார், மாடி முழுக்கக் கேட்கும்படி. மறுநாள் காலைக்குள் எனக்குச் சர்க்கரை வியாதி என்று செய்தி பரவி, கணக்குப் பிரிவில் ஒருவர் பாகற்காய் ஜூஸ் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். அது போகட்டும். அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, பேன்ட்ரியில் மிச்சப் பெட்டி திறந்து கிடந்தது. நின்றபடியே இரண்டு துண்டு தின்றேன். சபையில் வேண்டாம் என்றவள், தனியே ஒன்றுக்கு இரண்டாகத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீலசந்திராவிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். ஜான்சன் மார்க்கெட் வழியாக நடந்தே ரிச்மண்ட் ரோடு போகிறவர்கள், கோரமங்களாவுக்குப் பஸ் பிடிக்கிறவர்கள், விடிகாலையில் கேப் வந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு அள்ளிக்கொண்டு போகிறவர்கள். வீட்டுச் சமையலறை நம் கையில் இருக்கிறது. எண்ணெயைக் குறைக்கலாம், ராத்திரிச் சோற்றுக்குப் பதில் ராகி முத்தே கிண்டலாம், திட்டுகிறவர்களைத் திட்டிக்கொண்டே பழக்கிவிடலாம். ஆபீஸ் நம் கையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதி அங்கேதான் போகிறது.

அதிலும் பெங்களூரு ஆபீஸ் என்பது தனி ரகம். ஊருக்குப் போய் வருகிற ஒவ்வொருவரும் அவரவர் ஊரைப் பெட்டியில் அடைத்துக் கொண்டு வருவார். தார்வாடிலிருந்து பேடா, பெலகாவியிலிருந்து குந்தா, கோகாக்கிலிருந்து கரதண்டு. நம் பக்கத்து ஆட்கள் திருநெல்வேலி அல்வா, 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, அடுத்த வருஷமே அதை வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய். வெளிநாடு போய் வந்தவர் சாக்லேட் பை. இதற்கு மேல் பண்டிகை. ஜனவரியில் எள்ளு-பெல்லமும் சக்கரை அச்சும், யுகாதிக்கு வேப்பம்பூ-வெல்லத்தோடு நிற்காமல் ஒப்பட்டு, ரம்ஜான் முடிந்ததும் நம் தெருவிலிருந்தே தூக்குவாளியில் போகிற ஷீர் குருமா, ஆயுத பூஜைக்குப் பொரியோடு சுவீட் பாக்ஸ், நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு லட்டு, டிசம்பரில் பிளம் கேக். காலண்டரில் இனிப்பில்லாத மாதம் எது என்று தேடிப் பார்த்தேன். அந்த மாதத்தில் மேனேஜருக்குப் பிறந்த நாள் வந்தது.

எதை எண்ணுவது

அந்த மைசூர் பாக் தோல்விக்குப் பிறகு ஒரு மாதம் நான் ஒன்றையும் குறைக்கவில்லை. எழுதி மட்டும் வைத்தேன். ஆபீஸில் வாயில் போட்டது எதுவானாலும் டைரியின் பின்பக்கத்தில் ஒரு கோடு. நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். மாத முடிவில் கோடுகள் தாமாகவே இரண்டு ஜாதியாகப் பிரிந்து நின்றன.

ஒன்று, பேர் உள்ள இனிப்பு. பேரன் பிறந்த மைசூர் பாக், தார்வாட் போய் வந்தவரின் பேடா, நிச்சயதார்த்த லட்டு. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்று ஒரு வருஷம் கழித்தும் சொல்ல முடியும். அந்த மாதத்தில் இவை நாலு.

இன்னொன்று, பேர் இல்லாதது. மீட்டிங் தட்டில் இருந்த க்ரீம் பிஸ்கட், டீயோடு வந்த பட்டர் பிஸ்கட், பக்கத்து டீம் கொண்டாடி முடித்து விட்டுப் போன கேக்கின் ஓரம், யாரோ பிரித்து வைத்த சிப்ஸ். எதற்குத் தின்றேன் என்று மறுநாளே நினைவில்லை. கை வேலை செய்தது, வாய் அரைத்தது, கண் கம்ப்யூட்டரில் இருந்தது. இந்தக் கோடுகளை எண்ணி முடிக்கவில்லை. நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இப்போது கணக்கு. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. கடலைமாவைப் போல இரண்டு மடங்கு சர்க்கரையும் கிட்டத்தட்ட அவ்வளவே நெய்யும் குடிக்கிற மைசூர் பாக், 40 கிராம் துண்டுக்கு 200 கலோரிக்குக் குறையாது. 60 கிலோ எடை உள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ அவ்வளவுதான். கேட்கப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் நாலு துண்டென்றால் 800, 900 கலோரியோடு முடிந்தது.

பேர் இல்லாததைப் பார்ப்போம். காலை, மத்தியானம், மாலை என்று மூன்று டீ. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் ஒரு டீக்கு 10 கிராம். ஒவ்வொரு டீக்கும் இரண்டு க்ரீம் பிஸ்கட். ஒன்றுக்கு 50 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட்டில் 300, டீயின் சர்க்கரையில் 120, ஆக மொத்தம் நாளொன்றுக்கு 420. மாதத்தில் 22 வேலை நாள் என்றால் 9,240 கலோரி. மைசூர் பாக்கைப் போலப் பத்து மடங்கு. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. உடம்பு அவ்வளவு நேர்கோட்டில் போவதில்லை, அதனால் அந்தக் கணக்கை வைத்து ஜோசியம் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் ஓட்டை என்று காட்ட அது போதும்.

சர்க்கரைக்கு மட்டும் ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சேர்க்கும் சர்க்கரையை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. மூன்று டீ குடித்ததுமே அது தீர்ந்துபோகிறது. பிஸ்கட் பாக்கெட்டை நாம் இன்னும் பிரிக்கவே இல்லை.

ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் கொடுக்கிற விதி ஒன்றே ஒன்று. பேர் உள்ளதை மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். பேர் இல்லாததை அடியோடு நிறுத்துங்கள். நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம். மைசூர் பாக்கை வீராப்பாக மறுத்துவிட்டு, அந்த வருத்தத்தில் பிஸ்கட்டைத் தின்கிறோம்.

அரசாங்கமே பிஸ்கட்டோடு மல்லுக்கட்டியது

இது ஏதோ ஒரு கணக்குப் பிள்ளையின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் தன் சொந்த அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. அப்போதைய அமைச்சர் ஹர்ஷ் வர்தனே ஒரு மருத்துவர். கூட்டங்களில் பிஸ்கட் கூடாது. பொரி, வறுத்த கடலை, பேரீச்சை, பாதாம், அக்ரூட் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. நாட்டின் சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்கிற இடத்திலேயே மீட்டிங் தட்டை மாற்றத் தாள் எழுத வேண்டியிருந்தது என்றால், நம் ஆபீஸ் பேன்ட்ரியைக் குறை சொல்லி என்ன பயன்?

2025 ஜூனில் அதே அமைச்சகம் இன்னொரு கடிதம் எழுதியது. அலுவலக முகப்பு, கேன்டீன், மீட்டிங் அறைகளில், பலகாரங்களில் மறைந்திருக்கும் எண்ணெயையும் சர்க்கரையையும் காட்டும் பலகைகளை வையுங்கள் என்றது. அது ஜூலையில் "சமோசா, ஜிலேபிக்கு சிகரெட் மாதிரி எச்சரிக்கை" என்று ஊரெல்லாம் செய்தியாகி, கடைக்காரர்களுக்கான உத்தரவு அல்ல, வேலையிடங்களுக்கான யோசனைதான் என்று அரசு விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. பலகையால் என்ன ஆகும் என்று கேட்டால், என் மதிப்பில் கொஞ்சம்தான். பலகையைப் படிக்கிறவர் கையில் ஏற்கெனவே சமோசா இருக்கும். தட்டில் இருப்பதை மாற்றிய 2019 சுற்றறிக்கைக்குத்தான் என் ஓட்டு. முன்னால் பிஸ்கட் இருந்தால் கை பிஸ்கட்டுக்குப் போகும், கடலை இருந்தால் கடலைக்குப் போகும். கைக்குக் கொள்கை கிடையாது.

உங்கள் ஆபீஸில் மீட்டிங்குக்குப் பண்டம் வாங்குவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அட்மின் பெண்ணோ பேன்ட்ரி அண்ணனோதான். பெரிய ஆட்களிடம் பேச வேண்டாம். "அண்ணா, அடுத்த வாரம் ஒரு தட்டுல வறுத்த கடலையும் வெச்சுப் பாருங்களேன்" என்று சொன்னால் போதும். பிஸ்கட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். எடுத்தால் சண்டை வரும். எங்கள் மாடியில் கடலைத் தட்டு பிஸ்கட் தட்டுக்கு முன்னால் காலியாக நாலு வாரம் பிடித்தது.

நீட்டிய கைக்கு என்ன பதில்

இனிப்பு கொடுக்க வருகிறவர் உங்கள் வயிற்றை நிரப்ப வரவில்லை. அவரிடம் ஒரு சேதி இருக்கிறது, அதை நாலு பேரிடம் சொல்ல வேண்டும். பெட்டி அதற்கொரு சாக்கு. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்டியைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். "அப்படியா சார், சுகப்பிரசவமா? பேர் வெச்சாச்சா?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்டுக்கொண்டே ஒரு துண்டை எடுங்கள். ஓரத்தில் கட்டைவிரல் நக அளவு கிள்ளி, அவர் எதிரிலேயே வாயில் போட்டு, நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார். நீங்கள் எவ்வளவு தின்றீர்கள் என்று யாரும் அளக்கவில்லை.

மிச்சத்தை என்ன செய்வது? டிராயரில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வையுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும். டிஷ்யூவில் சுற்றி அதில் போட்டு மூடி, கைப்பையில் வைத்துவிட வேண்டும். மேசை மேலே வைத்தால் ஆறு மணிக்குள் கிள்ளிக் கிள்ளியே தீரும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நாலாகப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு வாய். என் வீட்டில் அந்த டப்பாவுக்கு ஒரு காத்திருப்பே உண்டு.

"டயட்" என்ற சொல்லை ஆபீஸில் சொல்லாதீர்கள். சொன்ன நாளிலிருந்து உங்கள் தட்டு ஊர்ச் சொத்து. "என்ன மேடம், டயட்னீங்க, போண்டா சாப்பிடறீங்க?" என்று கேட்க ஆள் வந்துவிடும். "இப்பதான் சாப்பிட்டேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. கன்னடத்தில் "சாகு" (போதும்) என்ற ஒற்றைச் சொல் அழகாக வேலை செய்யும், சிரித்துக்கொண்டே சொன்னால். வயதில் மூத்தவர் வற்புறுத்தினால் மட்டும் வாங்கிக்கொண்டு விடுங்கள். அவரோடு வாதாடி நீங்கள் மிச்சம் பிடிக்கப் போவது 200 கலோரி, இழப்பது அதைவிடப் பெரிது.

ஒரு எச்சரிக்கை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் இடைவேளைத் தீனியை டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மயக்கம் வரும். அவர்களுக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது என்றில்லை, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காரம் சாப்பிட்டால் பரவாயில்லை என்பது

பெங்களூரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இது பேக்கரி ஊர். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த அய்யங்கார் குடும்பங்கள் சந்துக்குச் சந்து அடுப்பு போட்ட ஊர், சிக்கபேட்டையில் பி.பி. பேக்கரி தொடங்கியது 1898இல். முட்டை சேர்க்காத பன், தில்பசந்த், நிப்பட்டு, காரா பன் என்று ஒரு தனி ருசி மரபே இந்த ஊருக்கு உண்டு. நாலு மணிக்கு மேல் எந்தப் பேக்கரியைக் கடந்தாலும், சூட்டில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்த வாசனை சட்டையைப் பிடித்து இழுக்கும். எனக்கு அதன் மேல் கோபம் இல்லை, பெரிய காதல்தான்.

ஆனால் "நான் சுவீட் தொடறதில்ல, காரா பன் மட்டும்தான்" என்று சொல்கிறவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். காரா பன்னில் மைதாவும் கொழுப்பும், மாவைப் பொங்கவைக்கக் கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. நிப்பட்டு எண்ணெயில் பொரித்தது. நாக்குக்குக் காரம் என்றாலும் இடுப்புக்கு வித்தியாசம் தெரியாது. வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொண்டு, அன்றைக்கு நல்ல கடையில் சூடாக வாங்கி, உட்கார்ந்து தின்னுங்கள். அப்போது அதுவும் பேர் உள்ளதாகிவிடும். எனக்கு வியாழக்கிழமை. விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு அன்று கூட்டம் போகும், நானும் போய்விட்டு வருகிற வழியில் ஒரு காரா பன். மற்ற ஆறு நாளும் அதே வாசனையை முகர்ந்துகொண்டு நடக்கிறேன். வியாழன் வரும் என்று தெரிந்தால் நடக்க முடிகிறது.

நாலரை மணிப் பசி

அந்த நேரத்துப் பசி பொய்ப் பசி என்று எழுதுகிறவர்கள் ஒரு மணிக்கு வெள்ளைச் சோறும் ரசமும் சாப்பிட்டுப் பார்க்கட்டும். பருப்பும் பயறும் முட்டையும் இல்லாத மதியச் சாப்பாடு நாலு மணிக்கே இறங்கிவிடும். அதனால் பிஸ்கட்டோடு போராட்டம் காலை ஏழு மணிக்கு டிபன் டப்பா கட்டும்போதே தொடங்குகிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கெட்டிப் பருப்போ சுண்டலோ இரண்டு முட்டையோ வையுங்கள். நைட் ஷிஃப்ட் ஆட்களுக்குத் தூக்கக் குறைவே பசியைக் கூட்டும். அதை வேறு அத்தியாயத்தில் பார்க்கலாம்.

நாலு மணிக்கு, டீ வருவதற்கு முன்னால், உங்களுடையதைச் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடி வறுத்த கடலை, அல்லது பொரியில் நறுக்கிய வெங்காயம் கலந்தது, அல்லது ஒரு கொய்யா. நிலக்கடலை என்றால் எண்ணி எடுங்கள், பையோடு கொண்டு போகாதீர்கள். டீயில் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி இரண்டு வாரம், ஒன்றாக்கி இரண்டு வாரம். இரண்டு மாதத்தில் பழைய டீ பாயசம் மாதிரி இனிக்கும். மெஷின் டீ வருகிற ஆபீஸில் இது நடக்காது, சர்க்கரை கலந்தே ஊற்றும். அங்கே சர்க்கரை இல்லாத பட்டனோ, பேன்ட்ரி அக்காவின் தயவோதான் வழி.

பக்கத்து மேசையில் சாக்லேட் ஜாடி இருக்கிறதா? கண்ணாடி ஜாடி என்றால், அதைவிடப் பெரிய தொந்தரவு இல்லை; தலை நிமிரும்போதெல்லாம் அது நம்மைப் பார்க்கும். "இதை உங்க அந்தப் பக்கம் வெச்சுக்கறீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டியதாகிவிட்டால், பத்தில் ஏழு தடவை நாம் எழுந்திருப்பதில்லை. இது என் டைரிக் கணக்கு, பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் முறை வரும்போது

ஒருநாள் உங்களுக்கும் பிறந்த நாள் வரும். அன்று கொடுக்கிற கை உங்களுடையது. கேக் வாங்கினால் அரைக் கிலோவில் பாதி மிஞ்சும், மிஞ்சினது பேர் இல்லாததாகி மறுநாள் வரை பேன்ட்ரியில் எல்லோரையும் வம்புக்கு இழுக்கும். ஒன்றுமே கொண்டு போகாவிட்டால் கஞ்சம் என்பார்கள்.

போன வருஷம் நான் நீலசந்திரா பஜார் தெருவில் தள்ளுவண்டியில் நாலு கிலோ கொய்யா வாங்கினேன். செங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் இருக்கிற பதம், கீறினால் சத்தம் வர வேண்டும். வண்டிக்காரரே நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். ஆபீஸில் பெரிய தாம்பாளத்தில் பரப்பி, நானே நாற்காலி நாற்காலியாகப் போய் நீட்டினேன். சிலர் கேலி செய்தார்கள், செய்துகொண்டே இரண்டாவது துண்டு எடுத்தார்கள். மிளகாய்த்தூள் பொட்டலம்தான் முதலில் தீர்ந்தது. பத்து நிமிஷத்தில் தாம்பாளம் காலி.

மைசூர் பாக் சார் கடைசியாக வந்தார். பேரனுக்கு இப்போது நடக்க வந்துவிட்டதாம். கையில் ஒரு கொய்யாத் துண்டை வைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்தபடி கேட்டார்: "கேக் எல்லி மேடம்?"